பைத்தானின் இன்ட்(): ஐந்து வருடம் கணக்குப் புத்தகங்களோடு பழகிய பிறகு

கும்பகோணத்தில் சின்னச் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். அன்றாட வேலைக்கு டாலி போதும். அதற்குள் அடங்காத வேலைகளும் வரும். யாரோ எக்செலில் போட்டு அனுப்பிய பட்டியல், வாட்ஸ்அப்பில் தட்டிவிட்ட பாக்கி விவரம், பழைய பேரேட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்த பக்கங்கள். இவற்றுக்காகத்தான் பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொண்டேன். ஐந்து வருடம் ஆகிறது. இந்த ஐந்து வருடத்தில் நான் அதிகம் கூப்பிட்ட ஃபங்ஷன் (ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்து தரும் நிரல் துண்டு) எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன், இன்ட். எழுத்தாக வருவதை முழு எண்ணாக மாற்றித் தருவது அதன் வேலை. மொபைல், மிக்ஸி என்று எல்லாவற்றுக்கும் விமர்சனம் எழுதுகிறார்கள். என் சோற்றுக்கு உதவுகிற இந்தக் கருவிக்கு ஒன்று எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

நிரல் எழுதாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கோப்பிலிருந்து படிக்கும்போது '125' என்பது கணினிக்கு எண் இல்லை. ஒன்று, இரண்டு, ஐந்து என்று மூன்று எழுத்துகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, அவ்வளவுதான். இதை ஸ்ட்ரிங் என்பார்கள். '125'-ஐயும் '75'-ஐயும் கூட்டச் சொன்னால் பைத்தான் '12575' என்று ஒட்டிக் கொடுக்கும். 200 வேண்டுமென்றால் இரண்டையும் முதலில் இன்ட் வழியாக அனுப்ப வேண்டும். அது உள்ளே செய்வது நாம் பள்ளியில் படித்த இடமதிப்புதான். முதல் எழுத்தின் மதிப்பை எடு, பத்தால் பெருக்கு, அடுத்ததைக் கூட்டு, மறுபடி பத்தால் பெருக்கு. கணினி ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு குறியெண் வைத்திருக்கிறது. '0' என்ற எழுத்தின் குறியெண் 48, '5'-இன் குறியெண் 53. கழித்தால் 5. திரும்பத் திரும்ப ஓடும் ஒரு சின்ன லூப்பில் யாரும் எழுதிவிடலாம்.

அப்படியென்றால் இதில் விமர்சிக்க என்ன இருக்கிறது? எண் சுத்தமாக வந்தால் எந்த மொழியின் எந்தக் கருவியும் ஒழுங்காக மாற்றிவிடும். எண் அழுக்காக வரும்போது அது என்ன செய்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நம் ஊரில் எண் சுத்தமாக வருவதே இல்லை. '1,25,000' என்று வரும். '500/-' என்று வரும். 'ரூ.750' என்று வரும். '1.5 லட்சம்' என்று வரும். வெறும் கோடு வரும், காலி இடம் வரும்.

இன்ட் இவற்றில் ஒன்றைக்கூட ஏற்காது. எல்லாவற்றுக்கும் வேல்யூஎரர் என்று சொல்லி அங்கேயே நின்றுவிடும். புதிதாகக் கற்றபோது எனக்கு எரிச்சலாக இருந்தது. '500/-' என்றால் ஐந்நூறு என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே, இதற்குத் தெரியாதா என்று நினைத்தேன்.

அந்த எண்ணம் மாறியது வேறொரு கருவியோடு பட்ட பாட்டில். முன்பு நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் வைப்புத்தொகைகளைக் கூட்டிக் காட்ட ஒரு வலைப்பக்கம் வைத்திருந்தார்கள். ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் எழுதியது. ஒரு நாள் மூன்று தொகைகளை அதில் போட்டோம்: 1,25,000, 98,500, 2,10,000. கூடுதல் 101 என்று வந்தது. நிஜமான கூடுதல் 4,33,500. அந்த வலைப்பக்கத்தில் பயன்படுத்தியிருந்த பார்ஸ்இன்ட் என்ற ஃபங்ஷன், எண்ணாகத் தெரிகிற வரை படித்துவிட்டு, கமாவைப் பார்த்ததும் மீதியை விட்டுவிடும். ஆகவே 1, 98, 2. பிழைச் செய்தி ஒன்றும் இல்லை. அன்றைக்கு 101 என்பது கண்ணில் குத்தும் அளவுக்குத் தப்பாக இருந்ததால் பிடித்தோம். பெரும்பாலான தொகைகளில் கமா இல்லாமல் ஒன்றிரண்டில் மட்டும் இருந்த நாட்களில் கூடுதல் நம்பும்படியாகவே வந்திருக்கிறது. அந்த நாட்களைத் தேடிப் பிடித்துத் திருத்த எங்களுக்கு மூன்று நாள் ஆயிற்று. இரவு ஒன்பது மணிக்கு மேல், ஒவ்வொரு ரசீதாகப் புரட்டி.

அதே பார்ஸ்இன்ட்டுக்கு '1.5 லட்சம்' கொடுத்தால் 1 வரும். '2 ஆயிரம்' கொடுத்தால் 2 வரும். இன்ட் இரண்டையும் வாங்காது. அந்த மூன்று நாளுக்குப் பிறகு அதன் பிடிவாதம் எனக்குப் பிடித்துப்போனது. அடுத்தவர் பணத்தை எண்ணுகிற கருவி, தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும். நான் இதில் பார்ப்பது முதலும் முடிவுமாக அதுதான்.

சரி, இந்தக் கருவியை நான் உண்மையாகச் சோதித்த வேலைக்கு வருகிறேன்.

போன வருடம் ஒரு நெல் மண்டிக் குடும்பத்தார் வந்தார்கள். தாத்தா காலத்து நாள்வழியும் பேரேடும் ஒரு மரப்பெட்டி நிறைய இருந்தன. யாருக்கு எவ்வளவு கொடுத்தார், எந்த நிலத்துக்கு எவ்வளவு குத்தகை வந்தது என்று வருடவாரியாக அட்டவணை வேண்டும் என்றார்கள். வீட்டுப் பெரியவர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: “அவர் எழுதினது அப்படியே வரணும்மா. புரியலைன்னா புரியலைன்னு விட்டுடுங்க. நீங்களா எதையும் ஊகிச்சுப் போட்டுடாதீங்க.”

பெட்டியில் பாதிப் புத்தகங்களுக்கு மேல் தமிழ் எண்கள். ௧, ௨, ௩ என்று அழகான மைக்கூட்டுக் கையெழுத்து. தட்டச்சு செய்ய இரண்டு பெண்களை வைத்துக்கொண்டேன். புத்தகத்தில் இருக்கிற எண்ணை அப்படியே தமிழ் எண்ணாகவே அடியுங்கள், மாற்றுகிற வேலை நம்முடையது இல்லை என்று சொல்லியிருந்தேன். மாற்றுவதற்குத் தனியாக ஒரு நிரல் எழுத வேண்டியிருக்கும், ஒரு நாள் போகும் என்று கணக்கு வைத்திருந்தேன்.

சும்மா போட்டுப் பார்ப்போமே என்று இன்ட்("௩௭௫") என்று தட்டினேன். 375 என்று வந்தது.

அந்த நிமிடத்தை நான் மறக்க மாட்டேன். அப்புறம் இன்ட்("௧௯௪௭"). 1947. இன்ட்("-௫"). கழித்தல் 5. எதையும் இறக்குமதி செய்யவில்லை, எந்த அமைப்பையும் மாற்றவில்லை. நெதர்லாந்துக்காரர் ஒருவர் தொடங்கி, உலகம் முழுக்கப் பலர் கைகொடுத்து வளர்த்த ஒரு மொழி, என் பாட்டி எழுதிய எண்ணைப் படிக்கிறது.

இது எப்படி நடக்கிறது என்று தேடிப் படித்தேன். யூனிகோடு ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு குறியெண்ணும், அது எந்த வகை என்ற விவரமும் வைத்திருக்கிறது. தமிழ்ச் சுழியம் ௦-வின் குறியெண் 3046. ௧ 3047. அப்படியே வரிசையாக ௯ 3055 வரை. இந்தப் பத்தும் 'தசம இலக்கம்' என்ற வகையில் பதிவாகியிருக்கின்றன. இன்ட் அந்தப் பதிவைப் பார்த்து மதிப்பை எடுத்துக்கொள்கிறது. தேவநாகரி, அரபி, வங்காள இலக்கங்களுக்கும் இதே ஏற்பாடு. இதில் எனக்குப் பிடித்த ஒரு விவரம்: ௧ முதல் ௯ வரை யூனிகோடில் தொடக்கத்திலிருந்தே உண்டு. சுழியம் மட்டும் 2005-இல் வந்த 4.1 பதிப்பில்தான் சேர்ந்தது. நம் பழைய எழுத்துமுறையில் சுழியத்துக்கென்று குறி இல்லை, அதனால் பட்டியலிலும் இடம் காலியாகவே இருந்திருக்கிறது.

ஆனால் மாற்றித் தந்ததற்காக மட்டும் நான் இதைப் புகழவில்லை. மாற்ற மறுத்த இடங்கள்தான் அந்த வேலையைக் காப்பாற்றின.

முதல் தடவை எல்லாப் பக்கங்களையும் ஓட்டியபோது 200-க்கு மேற்பட்ட வரிகளில் பிழை வந்தது. முதல் பிழைச் செய்தியில் 'உ௫௦' என்று இருந்தது. 250 என்றுதான் படிக்கத் தோன்றும். தட்டச்சு செய்த பெண்ணைக் கூப்பிட்டேன். அவளும் திரையைப் பார்த்துவிட்டு, “அக்கா, ரெண்டு நல்லாத்தானே இருக்கு?” என்றாள்.

நல்லாத்தான் இருந்தது. ஆனால் அது ௨ இல்லை. உ. உரலில் வருகிற உ. எழுத்தின் குறியெண் 2953, இலக்கத்தின் குறியெண் 3048. திரையில் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். தமிழ் எண்களில் பாதிக்கு மேல் இப்படித்தான். ௧ க-வைப் போல இருக்கும், ௭ எ-வைப் போல, ௮ அ-வைப் போல. விசைப்பலகையில் இலக்கத்தைத் தேடுவதைவிட எழுத்தை அடிப்பது சுலபம் என்பதால் கை அங்கே போய்விடுகிறது. அவசரத்தில் அடித்த க-வும் எ-வும் அ-வும் அந்த 200 வரிகளில் நிறையக் கிடைத்தன. ஒவ்வொன்றையும் புத்தகத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினோம். மனிதக் கண் விட்டுவிட்டதை இன்ட் விடவில்லை.

இந்த இடத்தில் சி என்ற நிரல்மொழியின் ஏடூஐ இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். பழைய, புகழ்பெற்ற ஃபங்ஷன் அது. எழுத்து புரியாவிட்டால் 0 கொடுக்கும். எண் நிஜமாகவே 0 என்றாலும் 0 கொடுக்கும். இரண்டையும் பிரித்தறிய வழியே கிடையாது. தமிழ் இலக்கங்களும் அதற்குப் புரியாது. அந்தப் பெரியவரின் தாத்தா கொடுத்த கடன் எல்லாம் சுழியமாகிக் கூடுதல் கச்சிதமாக வந்து நின்றிருக்கும். அதே சியில் ஸ்ட்ரிங்டூலாங் என்று பொருள்படும் எஸ்டிஆர்டிஓஎல் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. எந்த இடத்தில் படிப்பதை நிறுத்தினேன் என்று அது சொல்லும். சியில் எழுதுகிறவர்கள் அதைப் பயன்படுத்துங்கள்.

அடுத்து வந்த பிழைகள் இன்னும் சுவையானவை. ௨௱௩௰௫ என்று ஒன்று. இது தட்டச்சுப் பிழை இல்லை, பழைய முறை. இரண்டு நூறு, மூன்று பத்து, ஐந்து. 235. ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். இவை மூன்றும் யூனிகோடில் இருக்கின்றன, ஆனால் தசம இலக்கமாகப் பதிவாகவில்லை, ஏனென்றால் இவை இலக்கங்கள் அல்ல. இன்ட் மறுத்துவிட்டது. சரியாகத்தான் மறுத்தது. ௱-ஐயும் ௰-ஐயும் தவிர்த்துவிட்டுப் படிக்கிற ஒரு கருவியாக இருந்தால்கூட இந்தக் குறிப்பிட்ட எண்ணில் தற்செயலாக 235 வந்துவிடும், ௨௱௫-இல் 205-க்குப் பதில் 25 வரும்.

இதற்கு மட்டும் நான் தனியாக ஒரு ஃபங்ஷன் எழுதினேன். பைத்தானோடு வரும் யூனிகோடுடேட்டா என்ற மாட்யூலில் (நிரல் தொகுப்பில்) நியூமெரிக் என்று ஒன்று உண்டு. ௱ கொடுத்தால் நூறு தரும். எழுத்து எழுத்தாகப் போக வேண்டும். இலக்கம் வந்தால் கையில் வைத்துக்கொள். பத்தோ நூறோ வந்தால் கையில் இருப்பதைப் பெருக்கிக் கூட்டு, கை காலி என்றால் ஒன்று என்று வைத்துக்கொள். ஆயிரம் வந்தால் அதுவரை சேர்ந்த மொத்தத்தையும் பெருக்கு, ௰௨௲ என்பது பன்னிரண்டாயிரம் அல்லவா. ௲௯௱௪௰௭ கொடுத்து 1947 வந்தபோது நாங்கள் மூவரும் கைதட்டினோம்.

மீதிப் பிழைகளில் சில, ஒன்றுமே தெரியாதவை. '௪௫' என்றுதான் இருக்கும், ஆனாலும் மறுக்கும். அங்கேதான் பிழைச் செய்தியின் அருமை தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஏதாவது ஒட்டியிருந்தால், இன்ட் தன் பிழைச் செய்தியில் அதைக் குறியெண்ணாக அச்சடித்துக் காட்டுகிறது. எங்களுக்கு வந்தவை அகலமில்லா இடைவெளிகள், வேறு இடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது கூடவே வருபவை. எக்செலிலிருந்து யூடிஎஃப்-8 சிஎஸ்வியாக (கமாவால் பிரித்த உரைக்கோப்பாக) சேமித்த கோப்பில் முதல் அறையில் மட்டும் இப்படி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் அது பாம் என்கிற தொடக்கக் குறி. கோப்பைத் திறக்கும்போது யூடிஎஃப்-8-சிக் என்று கொடுத்தால் போய்விடும். சாதாரண இடைவெளி, டேப், வரிமுறிவு முன்பின் இருந்தால் இன்ட் தானே உதறிவிடும், அதற்குத் தொல்லை கிடையாது.

இனி, எனக்குப் பிடிக்காதவை. பிடித்த கருவி என்பதற்காக மறைக்க மாட்டேன்.

முதலாவது அடிக்கோடு. பைத்தான் 3.6-லிருந்து '1_000' கொடுத்தால் 1000 என்று ஏற்றுக்கொள்கிறது. நிரலுக்குள் பெரிய எண்ணை எழுதும்போது படிக்க வசதியாகச் செய்த ஏற்பாடு அது, எனக்குச் சம்மதம். ஆனால் வெளியிலிருந்து வருகிற தரவுக்கும் அதே சலுகை ஏன்? ஒரு கடையில் ரசீது எண்ணை '12_5' என்று போடுவார்கள், 12-ஆம் புத்தகத்தில் 5-ஆம் ரசீது. இன்ட் அதை 125 என்று எடுத்துக்கொண்டது. பிடிவாதமான கருவி என்று நான் நம்பியிருந்த இடத்தில் இப்படி இளகியது எனக்கு நிஜமாகவே வருத்தம். கமாவுக்குக் கதவைச் சாத்திவிட்டு அடிக்கோட்டுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது, எழுத்துமுறைகளைக் கலந்தாலும் கேட்பதில்லை. '1௨' கொடுத்தால் 12. தமிழில் இது பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆனால் வங்காள எண்களில் நான்கு என்பது ৪, பார்ப்பதற்கு நம் 8 போலவே இருக்கும். '8৪' கொடுத்தால் 84 என்று வரும், படிக்கிறவர் 88 என்று நினைப்பார். வெளியார் பூர்த்தி செய்யும் படிவமாக இருந்தால் ஏமாற்ற ஒரு சந்து இது. இலக்கம் 0 முதல் 9 வரைதான் வர வேண்டும் என்ற இடங்களில் இஸ்ஆஸ்கி (ஆங்கில எழுத்துமுறைக் குறிகள் மட்டும்தானா என்று பார்க்கும் சோதனை) கொண்டு முதலில் சோதித்துவிட்டு அனுப்புகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். சோதனைக்கு இஸ்டிஜிட்டைப் பலர் சொல்வார்கள். அது மேலே எழுதுகிற சின்ன ²-க்கும் ஆம் என்று சொல்லும், இன்ட் அதை ஏற்காது. இன்ட்டோடு ஒத்துப்போவது இஸ்டெசிமல்.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிய குறை. ஒரே பெயரில் இரண்டு குணம். '4.9' என்ற ஸ்ட்ரிங்கைக் கொடுத்தால் மறுக்கிறது. 4.9 என்ற தசம எண்ணைக் கொடுத்தால் வாய்திறக்காமல் 4 ஆக்கிவிடுகிறது. காசுக் கணக்கில் இது வினை. 4.35 ரூபாயைக் காசாக்க 100-ஆல் பெருக்கி இன்ட்டுக்குக் கொடுத்துப் பாருங்கள். 434 வரும், 435 இல்லை. கணினிக்குள் 4.35 மிகச் சரியாக உட்காராததால் பெருக்கல் 434.999... என்று வந்து, இன்ட் பின்னால் இருப்பதை வெட்டிவிடுகிறது. பணத்துக்கு டெசிமல் மாட்யூல் வழியாகப் போங்கள், இன்ட்டை ஸ்ட்ரிங்குகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, மாற்ற முடியாவிட்டால் இதைக் கொடு என்று சொல்லிவைக்க வழியில்லை. சி ஷார்ப் என்ற மொழியில் ட்ரைபார்ஸ் என்று அருமையான ஏற்பாடு இருக்கிறது, முடிந்ததா இல்லையா என்று தனியாகச் சொல்லும். பைத்தானில் ஒவ்வொரு முறையும் ட்ரை, எக்ஸெப்ட் என்று சுற்றி எழுத வேண்டும். நான் எல்லாக் கோப்புகளிலும் ஒரு சின்ன உறை போட்டு வைத்திருக்கிறேன். கோப்பின் பெயர், வரி எண், மூல ஸ்ட்ரிங் மூன்றையும் பிழைப் பட்டியலில் எழுதிவிட்டு நகர்ந்துவிடும். மாலையில் அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு உட்காருவோம்.

நீளம் பற்றி ஒரு குறிப்பு. பைத்தானில் முழு எண்ணுக்கு உச்சவரம்பு கிடையாது. ஜாவா மொழியின் இன்டிஜர் 2147483647-ஐத் தாண்டாது, நம் பத்து இலக்க மொபைல் எண் எதைக் கொடுத்தாலும் அது பிழை காட்டும், ஏனென்றால் நம் எண்கள் 6-லோ அதற்கு மேலோதான் தொடங்குகின்றன. (தமிழ் இலக்கங்களை ஜாவாவும் படிக்கும், அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.) ஆனால் பைத்தான் 3.11-லிருந்து ஸ்ட்ரிங்கை மாற்றும்போது 4300 இலக்கத்துக்கு மேல் போனால் மறுக்கிறார்கள். 2022-இல் பழைய பதிப்புகளுக்கும் பாதுகாப்புத் திருத்தமாக இதைக் கொடுத்தார்கள். இலக்கம் இரண்டு மடங்கானால் மாற்றும் நேரம் நான்கு மடங்காகிறது, யாராவது வேண்டுமென்றே லட்சக்கணக்கான இலக்கங்களை அனுப்பிச் சர்வரைத் திணறடிக்கலாம் என்பது காரணம். கணக்கு எழுதுகிற எனக்கு 4300 இலக்கம் எந்த ஜென்மத்திலும் வராது. கணித ஆராய்ச்சிக்காரர்கள் இந்த வரம்பை உயர்த்திக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள்.

வாங்குகிறவர்களுக்கு, அதாவது கற்கிறவர்களுக்கு, நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. இலக்கங்களால் ஆனது எல்லாம் எண் இல்லை. எங்கள் ஊர் எஸ்டிடி குறியீடு 0435. இன்ட்டுக்குக் கொடுத்தால் 435 ஆகிவிடும், முன்னால் இருந்த சுழியம் போயிற்று. அது இன்ட்டின் குற்றம் இல்லை, எண்ணாகக் கேட்டது நாம். மொபைல் எண், பின்கோடு, ஆதார், வங்கிக் கணக்கு எண் இவற்றை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. ஸ்ட்ரிங்காகவே விடுங்கள். எக்செல் இதில் இன்னும் மோசம். 12 இலக்க ஆதார் எண்ணைப் போட்டால் 1.23457இ+11 என்பது போலச் சுருக்கிக் காட்டும், அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் திரும்ப வரவே வராது. பாண்டாஸ் என்ற பைத்தான் அட்டவணைத் தொகுப்பைப் பயன்படுத்துகிறவர்கள் எல்லாப் பத்தியையும் முதலில் ஸ்ட்ரிங்காகவே படிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஒரு அறை காலியாக இருந்தாலே மொத்தப் பத்தியும் 101.0, 102.0 என்று தசமமாகிவிடும், அப்புறம் அதைச் சரிசெய்வது இரட்டை வேலை.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நாலரை. அடிக்கோட்டுக்கும், தசமத்தைச் சத்தமில்லாமல் வெட்டுவதற்கும் அந்த அரையைப் பிடித்துக்கொண்டேன்.

நெல் மண்டி வேலை ஆடியில் முடிந்தது. கடைசிப் பட்டியலில் மூன்று வரிகள் மட்டும் மிச்சம் இருந்தன. மூன்றிலும் மை பரவியிருந்தது, எங்களால் படிக்க முடியவில்லை. ஊகிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தாரே, அதனால் தெரிந்த எழுத்தை மட்டும் அடித்து, தெரியாததற்குக் கேள்விக்குறி போட்டு விட்டிருந்தோம். இன்ட் மூன்றையும் மறுத்தது. அச்செடுத்துக்கொண்டு, புத்தகத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு பெரியவரிடம் போனேன். பூதக்கண்ணாடி கேட்டு வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“இது ௭-ம்மா. அவர் ௭ போடறப்ப கடைசிக் கோட்டை இப்படித்தான் கீழே இழுத்து விடுவார்” என்றார். இன்னொன்றைப் பேரேட்டின் வரவுப் பக்கத்தோடு ஒப்பிட்டுச் சொன்னார், ௪௦ என்று.

அந்த இரண்டையும் அங்கேயே லேப்டாப்பில் திருத்தி ஓட்டினேன். எண்ணாகிக் கூடுதலில் சேர்ந்தன. மூன்றாவது வரி அவருக்கும் தெரியவில்லை. “இருக்கட்டும்மா, அப்படியே விட்டுடுங்க” என்றார். அட்டவணையில் அந்த அறையில் கேள்விக்குறியோடு இன்னும் ஸ்ட்ரிங்காகவே இருக்கிறது.